மாமாவின் காளான் டப்பாவும் நம்ம ஊர் நிலக்கரியும்

போன மாசம் நெய்வேலி போயிருந்தப்போ எதிர்வீட்டு மாமா ஒரு டப்பாவை நீட்டினார். "தம்பி, நெட்ல பார்த்துச் சொல்லேன். கீமோவோட இதையும் சாப்பிடலாமா?" சுரங்கத்துல முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். உள்ளே காளான் பொடி. டிராமீட்டஸ் வெர்சிகலர்னு போட்டிருந்தது. பட்ட மரத்தில் விசிறி மாதிரி, கலர் கலர் வரியோட முளைக்குமே, அது.

தேட உட்கார்ந்தா ஒரு வரலாறே இருக்கு மக்களே!

நாம காளான்னு பார்ப்பது மேலே தெரியும் குடையை மட்டும்தான். அசல் உடம்பு மரத்துக்குள்ளே ஓடும் வெள்ளை இழைகள். பெயர் மைசீலியம். இதை மட்டும் தனியா வளர்க்க முடியாதா? இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பென்சிலின் பூஞ்சையைப் பெரிய தொட்டிகளில் வளர்த்தார்கள். அதே வழியில் 1948-ல் அமெரிக்க வேளாண் துறையின் ஹாரி ஹம்ஃபெல்ட், அகாரிகஸ் காளானின் மைசீலியத்தைச் சத்துக் கரைசலுக்குள்ளேயே வளர்த்துக் காட்டினார். குடையே இல்லாத காளான் :-)

அடுத்தது ஜப்பான். குரேஹா நிறுவனம் வெர்சிகலரில் சி.எம்.101 என்ற ஒரே ரகத்தை எடுத்து, மைசீலியமாக வளர்த்து, வெந்நீரில் சாறு இறக்கி 'கிரெஸ்டின்' என்ற மருந்தாக்கியது. 1977-ல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. பிற்பாடு, கீமோதெரபியோடு சேர்த்து மட்டுமே தரலாம் என்று கட்டுப்படுத்தினார்கள்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1982-ல் அமெரிக்காவில் கோஹன், கேப்ரியேல் என்ற இருவர் இதே காளானைப் பழுப்பு நிலக்கரித் துண்டுகள் மேல் வளர்த்தார்கள். நிலக்கரி கறுப்புத் துளிகளாகக் கரைந்து வடிந்தது! மரத்தின் லிக்னினைச் சிதைக்கும் காளான், மரம் மக்கி உருவான லிக்னைட்டையும் விட்டு வைக்கவில்லை.

ஒரே காளான்தான். ஆனா ஜப்பானில் மருந்தானது ஒரே ரகம், ஒரே வளர்ப்பு முறை, அளந்த டோஸ். மாமாவின் டப்பாவில் எந்த ரகம், குடையா மைசீலியமா, எப்படித் தயாரித்தது, ஒன்றுமே இல்லை. விலை மட்டும் கொட்டை எழுத்தில்.

"டாக்டர்கிட்ட காட்டாம தொடாதீங்க மாமா" என்றேன். கூடவே நிலக்கரிக் கதையையும் சொன்னேன்.

"லிக்னைட்டையே கரைக்குதா? நல்லவேளை, நான் சர்வீஸ்ல இருந்தப்போ வரலை" என்று சிரித்தார். டப்பாவை எடுத்து ஆஸ்பத்திரி ஃபைல் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார்.