ஸ்டெப்னிக்கு ஓர் இடம்

கோடம்பாக்கத்தின் வரலாறு பெரும்பாலும் நடிகர்களின் வரலாறாகவும் படப்பிடிப்புத் தளங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டிருக்கிறது. விளக்குகளையும் டிராலித் தண்டவாளங்களையும் ஜெனரேட்டரையும் சுமந்த லோடு வண்டிகளுக்கு அதில் இடம் குறைவு. அந்த வண்டிகளில் கயிற்றால் கட்டிப்போட்ட ஸ்டெப்னிக்கு இடமே இல்லை. ஆனால் கோடம்பாக்கத்தின் தொழில் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை அந்த மாற்று டயரை வைத்தும் பின்தொடரலாம். மாற்று டயர்களில் பல, சாலையைத் தொடாமலேயே வீணாகின்றன. வைத்த இடமும் கட்டிய விதமும்தான் காரணம். ரிம்மைத்தான் பிடிக்க வேண்டும், ரப்பரின் மேல் பாரம் விழக் கூடாது என்ற விதி மோட்டார் வண்டியின் குழந்தைப் பருவத்திலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதைக் கைநழுவ விட்டார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தொடக்க காலக் கார்களில் சக்கரத்தைக் கழற்றி மாற்ற வழியில்லை. பஞ்சர் ஆனால் நடுவழியிலேயே டயரை நெம்பி எடுத்து, ட்யூபை ஒட்டி, மறுபடி காற்றடிக்க வேண்டும். வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதன் மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் அதை வைத்துக் கிடுக்கிகளால் ரிம்மோடு இறுக்கிவிட்டால் வண்டி கிளம்பிவிடும். நம் ஊர் ஓட்டுநர்கள் இன்றும் மாற்று டயரை அந்தத் தெருவின் பெயரால்தான் அழைக்கிறார்கள். அந்தக் கருவியில் கவனிக்க வேண்டியது பிடிமானம். கிடுக்கிகள் இரும்பைப் பிடித்தன. ரப்பருக்குச் சாலையைத் தவிர வேறு வேலை தரப்படவில்லை.

மதராஸில் சிம்சன் நிறுவனம் 1903இல் நீராவிக் கார் செய்து ஓட்டிய காலம் அது. ஆனால் சாலை மாட்டு வண்டிகளுடையது. காளைகளின் லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் எங்கும் கிடந்தன. தெற்கே பேருந்து ஓட்டிய டி.வி.எஸ். நிறுவனம், காந்தம் பொருத்திய வண்டியை விட்டு அந்த ஆணிகளைப் பொறுக்க வேண்டியிருந்தது என்றால் பஞ்சர் எவ்வளவு பெரிய தொல்லை என்று புரியும். 1942இல் மலேயா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரப்பர் அருகிப்போய், டயர் கட்டுப்பாட்டுப் பொருளானது. கைவசம் இருக்கும் டயரைக் காப்பது அப்போது கௌரவப் பிரச்சினை அல்ல, பிழைப்பு. சென்னையிலேயே டயர் பெருகியது பிறகுதான். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்துடன் சேர்ந்து டயர் உற்பத்தியில் இறங்கியது. டயர் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் மாற்று டயரின் மேல் இருந்த அக்கறை தளர்ந்தது என்பது என் ஊகம்.

இந்தப் பின்னணியில் கோடம்பாக்கத்தைப் பார்க்கலாம். 1948இல் ஏ.வி.எம். காரைக்குடியிலிருந்து இங்கே வந்தது. வாஹினி ஸ்டுடியோவும் அதே காலத்தில் எழுந்தது. காடும் மலையும் அரண்மனையும் தளத்துக்குள்ளேயே கட்டப்பட்ட நாட்கள் அவை. சாமான் வண்டி ஒரு ஸ்டுடியோவிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரும். வழியில் அதிகம் காக்கவைத்தது கோடம்பாக்கம் ரயில்வே கேட்தான். 1965இல் மேம்பாலம் வந்து அந்தக் காத்திருப்பும் போனது. கூப்பிடு தூரத்தில் பஞ்சர் கடை இருக்கும்போது ஸ்டெப்னியை யாரும் நினைக்க வேண்டியதில்லை. நிலைமையை மாற்றியது வெளிப்புறப் படப்பிடிப்பு. 1977இல் ‘16 வயதினிலே’ வந்த பிறகு கேமரா ஊர் ஊராகப் போகத் தொடங்கியது. ஜெனரேட்டர் வராவிட்டால் விளக்கு எரியாது; விளக்கு எரியாவிட்டால் நாள் முழுவதும் நூறு பேருக்குச் சம்பளம் வீண். ஆளில்லாத மண் பாதையில் நிற்கும் வண்டிக்கு மாற்று டயர்தான் கதி.

அந்த டயரை எது கெடுக்கிறது? டயரில் கனமானது சாலையைத் தொடும் பட்டன். பக்கச்சுவர் மெல்லியது, வளைவதற்காகவே செய்யப்பட்டது. லோடு வண்டியில் சாமான் ஏற்றும் தொட்டியின் தரை வரிவரியாக மடித்த தகடு. அதில் டயரைப் படுக்கப்போட்டு மேலே சாமான் ஏற்றினால், குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த வரிகள் பக்கச்சுவரை அராவும். குறுக்கே இழுத்துக் கட்டிய நைலான் கயிறு மேற்புறத்தை அறுக்கும். டீசல் கசிந்தால் ரப்பர் ஊதிப்போகும். கோடம்பாக்கத்து வண்டிகளுக்கு இன்னொரு பகையும் இருந்தது. பழைய கார்பன் ஆர்க் விளக்கு எரியும்போது ஓசோன் உண்டாகும். மின்பொறி பறக்கும் ஜெனரேட்டரிலிருந்தும் அது வரும். இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரை ஓசோன் மயிரிழை மயிரிழையாக வெடிக்க வைக்கும். இதைத் தடுக்க டயரில் மெழுகு கலப்பது வழக்கம். டயர் ஓடி வளையும்போது அந்த மெழுகு மேலே கசிந்து காக்கிறது. சும்மா கிடக்கும் டயருக்கு அந்தக் காப்பு குறைவு. ஓடாத டயர் புதிதாகவே இருக்கும் என்ற நம்பிக்கை இங்கேதான் தவறுகிறது.

பிக்கப்பிலும் குட்டியானை போன்ற சிறு லோடு வண்டிகளிலும் ஸ்டெப்னியைக் கட்ட வேண்டிய முறை, லனெத்லிக்காரர்கள் செய்ததுதான்: ரப்பரை விட்டு இரும்பைப் பிடிப்பது. கேபினுக்குப் பின்னால், தொட்டியின் முன்மூலையில் சக்கரத்தை நிறுத்தி, அதே சக்கரத்துக்குரிய இரண்டு வீல் நட்டுகளால் ஒரு இரும்புத் தாங்கியில் டிஸ்க்கை முடுக்க வேண்டும். தாங்கி வெறும் தகட்டில் பற்றவைக்கப்பட்டால் சில மாதக் குலுக்கலில் தகடு கிழியும். தரைக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தோடு அது சேர வேண்டும். படுக்கவைத்தே ஆக வேண்டுமென்றால், ரிம்முக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துப் பக்கச்சுவரைத் தரையிலிருந்து தூக்கி, நடுத்துளை வழியே கம்பியும் தட்டும் போட்டு இறுக்கலாம். வால்வு கைக்கு எட்டும் பக்கம் இருக்கட்டும். மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. காற்று தானாகவே இறங்கும். எட்டாத வால்வில் யாரும் காற்று பார்ப்பதில்லை. வெயில் படாமல் ஒரு தார்ப்பாயும் வேண்டும்.

வண்டிக்கு அடியில் தொங்கவிடும் ஏற்பாடே போதும், வடிவமைத்தவர்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். வெற்று வண்டிக்கு அது சரி, ரப்பரையும் அது நசுக்குவதில்லை. ஆனால் சேற்றிலும் மழைநீரிலும் நனைந்து சங்கிலியும் திருகும் துருப்பிடிக்கின்றன. முழுச் சுமையோடு பின்டயர் படுத்துவிட்டால், தரைக்கும் சேசிஸுக்கும் இடையே டயரை உருவ இடமிருக்காது. தொட்டியில் வைத்தால் சாமானுக்கு இடம் போகிறது என்பது இன்னும் வலுவான மறுப்பு, ஏனென்றால் லோடு வண்டியில் அடிக்கு அடி காசு. இருந்தும், நிறுத்திவைத்த டயர் எடுத்துக்கொள்வது ஒரு சாண் அகலம்தான். படுத்துக் கிடக்கும் டயரின் மேல் சாமானை அடுக்கி இடம் மிச்சம் பிடிப்பவர்கள், அவசரத்துக்கு அத்தனையையும் இறக்கியாக வேண்டும்.

மாற்று டயரே பழங்கதை என்பவர்களும் உண்டு. 3.5 டன் வரையிலான வண்டியில் ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. நகரத்துக் காருக்கு அது பொருந்தும். ஆணி குத்திய பட்டனை அந்தச் சாமானால் அடைக்க முடியும். கல்லில் கிழிந்த பக்கச்சுவரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, சுமை வண்டிகள் மண் பாதையில் பயப்படுவதோ அந்தக் கிழிசலுக்குத்தான். ஆகவே தொட்டி கட்டும் பட்டறையிலேயே, சட்டத்துக்குத் தகடு அடிக்கும் முன்பே, ஸ்டெப்னிக்கான தாங்கியையும் பற்றவைத்துவிட வேண்டும். வண்டி வாங்குகிறவர் கூரைக் கம்பிக்கும் பெயர் எழுதும் பலகைக்கும் அளவு சொல்லும்போது இதற்கும் சேர்த்து அளவு கொடுக்கலாம்.