பாஞ்சோவைக் கேட்டு ஏன் சிரித்தோம்

கல்லூரி விடுதியில் ஒருநாள் ராத்திரி நண்பன் ஹெட்ஃபோனை நீட்டி, "மச்சான், இதக் கேளு, சிரிச்சே செத்துருவ" என்றான். ஏசி/டிசியின் 'ஹைவே டு ஹெல்'. 1979-ல் வந்த பாட்டு. அதன் தொடக்க ரிஃப்பை வெறும் காற்றில் வாசித்துக் காட்டாத ஆள் எங்கள் தளத்திலேயே கிடையாது. ஆனால் இதில் எலெக்ட்ரிக் கிதாரைக் காணோம். பாஞ்சோ ஓடுகிறது, மேண்டலின் வெட்டுகிறது, மூக்கால் இழுத்துப் பாடுகிறது ஒரு தென்மாநிலக் குரல். ஹேசீட் டிக்சி என்ற குழு 2001-ல் வெளியிட்ட, ஏசி/டிசி பாடல்களை ப்ளூகிராஸ் பாணியில் பாடிய ஆல்பம் அது. குழுவின் பெயரை வேகமாகச் சொன்னால் 'ஏசி டிசி' என்றே காதில் விழும். 'ஹேசீட்' என்றால் அமெரிக்கப் பேச்சில் பட்டிக்காட்டான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு பின்னாளில் என்னை உறுத்த ஆரம்பித்தது. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் அச்சாகப் பொருந்தியிருந்தது. ப்ளூகிராஸில் வழக்கமாக டிரம்ஸ் கிடையாது. பாஸ் தாளத்தைப் போட, இடைத்தட்டில் மேண்டலின்காரர் தந்திகளை அமுக்கி 'சக்' என்று வெட்டுவார். ராக் பாட்டில் ஸ்னேர் டிரம் விழும் இடமும் கிட்டத்தட்ட அதுதான். பொருந்துகிற இரண்டைச் சேர்த்ததற்கு நாங்கள் எதற்குச் சிரித்தோம்? ராக் நகரத்துக்காரனுடையது, பாஞ்சோ விவரமில்லாத கிராமத்தானுடையது, இரண்டும் சேரக்கூடாது என்று அமெரிக்காவையே பார்த்திராத எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அதைத் தேடிப் போனால் 1920-களின் இசைத்தட்டுக் கடைகளில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1920-ல் ஓகே நிறுவனம் மேமி ஸ்மித் பாடிய 'கிரேசி ப்ளூஸ்' இசைத்தட்டை வெளியிட்டது. கறுப்பின மக்கள் அதை வாங்கிக் குவித்தார்கள். 1923-ல் அதே நிறுவனத்தின் ரால்ஃப் பீர் அட்லாண்டாவுக்குப் போய் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற வெள்ளைக்காரரின் ஃபிடிலைப் பதிவு செய்தார். அதுவும் விற்றது. ஆக இரண்டு சந்தைகள். கறுப்பர்களுக்கு விற்பதை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றார்கள். தெற்கின் வெள்ளையர்களுக்கு விற்பதை 'ஹில்பில்லி' என்றார்கள். பட்டியல் வேறு, விளம்பரம் வேறு. 1949-ல் பில்போர்டு பத்திரிகை 'ரேஸ்' என்பதை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' ஆக்கியது. அதே சமயத்தில் மற்றொரு பட்டியல் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' ஆனது. பெயர்தான் மாறியது, பிரித்து வைத்தது அப்படியே இருந்தது.

வாசித்தவர்கள் இப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டிச் செய்துகொண்ட வாத்தியத்தின் வாரிசு. கன்ட்ரி இசையின் முதல் குடும்பம் எனப்படும் கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர், ஊர் ஊராகப் பாட்டுச் சேகரிக்கப் போகும்போது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞரைக் கூட்டிக்கொண்டு போனார். ப்ளூகிராஸின் தந்தை பில் மன்றோ, கென்டக்கியில் சிறுவனாக இருந்தபோது ஆர்னால்ட் ஷல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடு நடன விருந்துகளில் வாசித்தார். ஷல்ட்ஸ் 1931-ல் இறந்துபோனார். அவர் வாசித்தது ஒரு நொடிகூட எங்கும் பதிவாகவில்லை.

அடுத்து 1954 ஜூலை, மெம்ஃபிஸ். சன் ரெக்கார்ட்ஸ் ஒரு 19 வயதுப் பையனின் முதல் இசைத்தட்டை வெளியிடுகிறது. பையன் எல்விஸ் பிரெஸ்லி. ஒரு பக்கத்தில் 'தட்ஸ் ஆல் ரைட்', ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பின ப்ளூஸ் பாடகருடையது. மறுபக்கத்தில் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி', பில் மன்றோவுடையது. இந்த இரண்டு மூலப் பாடல்களும் பதிவானது ஒரே ஊரில், ஒரே மாதத்தில்: சிகாகோ, செப்டம்பர் 1946. அங்கே ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் போன இரண்டு பாட்டும் எட்டு வருஷம் கழித்து ஒரே தட்டில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டன.

மன்றோவின் மூலம் நிதானமான வால்ட்ஸ், நம் கணக்கில் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரம். எல்விஸ் அதை நான்காக்கி விரட்டிவிட்டார். மன்றோ முசுடு என்று பெயர் எடுத்தவர். ப்ளூகிராஸ் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதிகள் வைத்திருந்தவர். கோபப்பட்டிருக்க வேண்டும். அவர் செய்தது வேறு: அதே செப்டம்பரில் ஸ்டுடியோவுக்குப் போய்த் தன் பாட்டைத் தானே மறுபடி பதிவு செய்தார். பழைய வால்ட்ஸாகத் தொடங்கி, நடுவில் சட்டென்று எல்விஸின் வேகத்துக்குத் தாவுகிறது அந்த வடிவம். ஒரு ராக் அண்ட் ரோல் வடிவத்தைப் பார்த்து ப்ளூகிராஸ்காரர் செய்த கவர் என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம். கவர் செய்யப்பட்ட பாட்டு அவருடையதாகவே இருந்தது, அவ்ளோதான். மன்றோவுக்கு ராயல்டி வந்தது. க்ரூடப் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டுக் கேட்டு, கிடைக்காமலே 1974-ல் இறந்தார். ஒரே தட்டின் இரண்டு பக்கங்கள்தான்.

இதற்கு மேல் ஒரு கதை இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

செயின்ட் லூயிஸைச் சேர்ந்த சக் பெர்ரி, கறுப்பினத்தவர் கூடும் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் இடையிடையே கன்ட்ரி பாட்டுகளை எடுத்துவிடுவார். யார் இந்தக் கறுப்பு ஹில்பில்லி என்று கூட்டம் சிரித்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சிரித்தவர்களே அடுத்த வாரம் அதைக் கேட்டு ஆடவும் செய்தார்கள். 1955-ல் சிகாகோவின் செஸ் நிறுவனத்துக்கு அவர் கொண்டுபோன பாட்டு, 'ஐடா ரெட்' என்ற பழைய ஃபிடில் மெட்டிலிருந்து பிறந்தது. பாப் வில்ஸ் என்ற டெக்சஸ்காரர் அதை 1938-லேயே பதிவு செய்திருந்தார். லெனர்ட் செஸ் பெயரை மாற்றச் சொல்ல, 'மேபலீன்' ஆனது. ராக் அண்ட் ரோலின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று என்று இன்று சொல்லப்படும் பாட்டு, ஒரு கன்ட்ரி பாட்டை கறுப்பினக் கலைஞர் ஒருவர் எடுத்துத் திருப்பிப் போட்டது. கூடவே ஒரு கொசுறு: பாட்டு எழுதாத இரண்டு பேரின் பெயர்கள் ஆசிரியர் பட்டியலில் ஏறின. அதை முழுசாகத் தன் பெயருக்கு மீட்க பெர்ரிக்கு 1986 வரை ஆனது.

1958-ல் 'ஜானி பி. குட்'. காட்டோரக் குடிசையில் வளர்ந்து, படிப்பறிவு அதிகமில்லாமல், கிதாரால் பெரிய ஆளாகப்போகும் பையனின் கதை. அந்தப் பையனை முதலில் கறுப்பினப் பையன் என்றுதான் எழுதினேன், வெள்ளையர் வானொலிகளில் ஓடாது என்பதால் நாட்டுப்புறப் பையன் என்று மாற்றினேன் என்கிறார் பெர்ரி. மாற்றிப்போட்ட அந்த ஆங்கிலச் சொல் 'கன்ட்ரி'. பாட்டு உலகம் முழுக்க ஓடியது.

1965-ல் வர்ஜீனியா மலைப்பகுதியிலிருந்து வந்த மெக்ரெனால்ட்ஸ் சகோதரர்கள், ஜிம் அண்ட் ஜெஸ்ஸி, முழுக்க சக் பெர்ரி பாட்டுகளாகவே ஒரு ஆல்பம் போட்டார்கள். 'பெர்ரி பிக்கிங் இன் தி கன்ட்ரி' என்று தலைப்பிலேயே சிலேடை. ஜெஸ்ஸி மேண்டலினில் ஒரு வித்தை பழகியிருந்தார்: பாஞ்சோவில் மூன்று விரல்கள் சுழற்றும் சுழலை, ஒரே ஒரு பிக்கை முன்னும் பின்னும் தாண்டித் தாண்டி மீட்டி மேண்டலினில் வரவைப்பது. 'மெம்ஃபிஸ்', 'ஜானி பி. குட்' எல்லாம் அந்த ஆல்பத்தில் உண்டு. செல்மாவில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கிய வருஷம் அது. கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் பாடும் இரண்டு தெற்கத்தி வெள்ளைக்காரர்கள், உயிரோடிருக்கும் ஒரு கறுப்பினக் கலைஞரின் பாட்டுகளை மட்டும் பாடி ஒரு தட்டு. சகோதரர்கள் அதை அரசியலாக நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டு பிடித்திருந்தது, விற்கும் என்று பட்டிருக்கும். ஆனால் வானொலிக்காகப் பெர்ரி ஒளித்துவைத்த அந்தச் சொல், இவர்கள் வாயில் வரும்போது நேரடி அர்த்தத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கேட்பவர்களுக்கு அது தங்கள் பக்கத்துவீட்டுப் பையன்.

அதே 1965-ல்தான் கலிஃபோர்னியாவின் பக் ஓவன்ஸ், கன்ட்ரி அல்லாத பாட்டைப் பாடவே மாட்டேன் என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்து உறுதிமொழி எடுத்தார். அந்த வருஷ ஆல்பத்திலேயே பெர்ரியின் 'மெம்ஃபிஸ்' இருந்தது. ரசிகர்கள் கேள்வி கேட்டார்கள். என் கணக்கில் அது கன்ட்ரிதான் என்பது அவர் நிலை. 1969-ல் லண்டன் மேடையில் பாடிய 'ஜானி பி. குட்' கன்ட்ரி தரவரிசையில் அவருக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தது. மனுஷன் சத்தியத்தை மீறவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. என்ன, அந்தத் தரவரிசையில் பெர்ரிக்கு மட்டும் இடம் இருந்ததில்லை.

எல்லோரும் சந்தோஷமாகப் பாடினார்கள் என்றும் இல்லை. லெஸ்டர் ஃப்ளாட்டும் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் 20 வருஷம் ஒன்றாக வாசித்த ஜோடி. 60-களின் கடைசியில் தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டன் அவர்களை பாப் டிலன் பாட்டுகளைப் பாட வைத்தார். ஸ்க்ரக்ஸுக்கு அது திறந்த ஜன்னல், அவருடைய பிள்ளைகள் கேட்டு வளர்ந்த இசை. ஃப்ளாட்டுக்கு எரிச்சல். அந்த ரெக்கார்டுகளில் அவர் குரலைக் கேட்டால், பிடிக்காத உறவுக்காரர் வீட்டில் சாப்பிடுகிறவர் மாதிரி இருக்கும். 1969-ல் பிரிந்தார்கள். அந்த நவம்பரில் வாஷிங்டனில் வியட்நாம் போருக்கு எதிரான பெருங்கூட்டத்தில் ஸ்க்ரக்ஸ் பாஞ்சோ வாசித்தார். கன்ட்ரி உலகிலிருந்து அங்கே போனவர்கள் மிகச் சிலர். பாட்டுத் தேர்வுச் சண்டையாகத் தெரிந்தது, எந்தப் பக்கம் நிற்கிறாய் என்ற சண்டையாகவும் இருந்தது.

பிறகு வந்ததெல்லாம் வெள்ளம். பீட்டில்ஸிலிருந்து மெட்டாலிகா வரை யாரையும் விடாமல் பாஞ்சோவில் போட்டுத் தள்ளிய ஆல்பத் தொடர்கள் உண்டு. பலவற்றைக் கேட்டிருக்கிறேன், முக்கால்வாசி வெறும் வாத்திய மாற்றம். டாலி பார்ட்டன் 2002-ல் பாடிய 'ஸ்டேர்வே டு ஹெவன்' பலருக்குப் பிடிக்கும். எனக்கு அதில் கோரஸ் வந்ததும் அலுப்புத் தட்டிவிடும். ரோலிங் ஸ்டோன்ஸின் 'வைல்ட் ஹார்சஸ்' மட்டும் தனிக்கதை. கிராம் பார்சன்ஸ் இருந்த ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் அதை 1970-லேயே வெளியிட்டுவிட்டார்கள். ஸ்டோன்ஸின் சொந்த வடிவம் வந்தது 1971-ல். எது மூலம், எது கவர் என்று அடுத்த தடவை யாராவது கறாராகப் பேசினால் இதைச் சொல்லலாம்.

போன மாதம் அதே நண்பனுக்கு மூன்று பாட்டு அனுப்பினேன்: பாப் வில்ஸின் 'ஐடா ரெட்', பெர்ரியின் 'மேபலீன்', ஜிம் அண்ட் ஜெஸ்ஸியின் 'ஜானி பி. குட்'. யார் கறுப்பு, யார் வெள்ளை, எந்த வருஷம் எதையும் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணிக்குப் பதில் வந்தது: "மூணும் ஒரே ஊர்க்காரனுங்களாடா?"