அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட்ஸ்

கார் செட்டின் முகப்பில் ‘50 வாட்ஸ் × 4’ என்று அச்சிட்டிருக்கும். அதே செட்டைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று செருகியிருக்கும், சிலவற்றில் 15. என்ஜின் ஓடும்போது காரில் இருப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். பத்து ஆம்பியரைப் பதினான்கே கால் சொச்சத்தால் பெருக்கினால் உள்ளே போகக்கூடியது 144 வாட்ஸ். வெளியே வருவதாக அச்சிட்டிருப்பதோ 200. உள்ளே போனதைவிட அதிகமாக வெளியே தரும் இயந்திரம் எதுவும் இந்த உலகில் இல்லை என்பது பள்ளிப் பாடம். ஆனாலும் அந்த எண் வெறும் கற்பனையும் அல்ல. 14.4 வோல்ட்டைத் தன்னால் பெருக்கி 4 ஓமால் வகுத்தால் 51.84 வரும். செட் தன் சக்தியெல்லாம் தீர்ந்து, பாட்டின் அலையை இரு பக்கமும் சீவித் தள்ளி, சதுர அலையாகக் கத்துகிற நொடியில் ஒரு ஸ்பீக்கருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். கேட்கத் தகுந்த ஒலிக்கு அதில் பாதிகூடத் தேறாது. சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அது ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு இயற்பியலில் விடை கிடையாது. கார் ஆடியோவின் வரலாற்றில்தான் இருக்கிறது.

அந்த வரலாறு முழுவதும் ஒரே வழக்கு: பேட்டரியின் வோல்ட் போதவில்லை. 1930 ஜூனில் சிகாகோவின் பால் கால்வின் தன் ஸ்டுடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்திக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். அதுவே ‘மோட்டரோலா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பொருத்தித் தர 110 முதல் 130 டாலர் வரை. புதுக் காரே சில நூறு டாலருக்குக் கிடைத்த காலம் அது. வால்வு ரேடியோவுக்கு 200 வோல்ட்டை ஒட்டிய உயர் மின்னழுத்தம் வேண்டும். அன்றைய காரில் இருந்ததோ 6 வோல்ட். முதலில் தனி பேட்டரிகளைக் காரின் தரைக்கடியில் வைத்துச் சமாளித்தார்கள். பிறகு ‘வைப்ரேட்டர்’ வந்தது. மின்காந்தம் இழுக்க இழுக்க ஓர் இரும்பு நாக்கு வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, பேட்டரியின் நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும். அங்கே அது உயர் மின்னழுத்தமாகும். பழைய கார் ரேடியோக்கள் பாட்டுக்கு அடியில் வண்டு போல ரீங்கரித்ததற்குக் காரணம் இந்த நாக்கு. கரடுமுரடான வழி என்றாலும் கணக்கு நேரானது: வோல்ட்டை ஏற்றாமல் வேலை நடக்காது.

1950களில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தாற்போல் வந்தன. அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாறின. 1955-ல் ஃபில்கோ நிறுவனம் கிரைஸ்லர் கார்களுக்காக முழுக்க டிரான்சிஸ்டரிலேயே இயங்கும் ரேடியோவை அறிவித்தது. டிரான்சிஸ்டருக்கு 12 வோல்ட்டே போதும் என்பதால் வைப்ரேட்டரைக் கழற்றிப் போட்டார்கள். ரீங்காரம் நின்றது, செட் சிறுத்தது, நாளடைவில் விலையும் இறங்கியது. முன்னேற்றம்தான். ஆனால் வைப்ரேட்டரோடு உயர் மின்னழுத்தமும் போய்விட்டது. 14.4 வோல்ட்டில் சாதாரணமாக ஓட்டினால் 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பிசிறில்லாத ஒலியாகக் கிடைப்பது ஆறரை வாட்ஸ்தான். ஸ்பீக்கரின் இரு முனைகளையும் இரண்டு ஆம்ப்கள் எதிரெதிராக இழுக்கும் ‘பிரிட்ஜ்’ முறையில் அது நான்கு மடங்காகி 26-ஐத் தொடும். டிரான்சிஸ்டரின் இழப்பைக் கழித்தால் 18, 20. இன்றைய செட்களும் இந்த முறையில்தான் ஓடுகின்றன. செய்தி கேட்க, பாட்டு கேட்க இது தாராளம். பேஸ் என்னும் கனத்த தாழ்ந்த ஒலிக்குத்தான் போதாது. தாழ்ந்த ஒலியை எழுப்ப ஏராளமான காற்றைத் தள்ள வேண்டும். நம் காதும் அந்தப் பகுதியில் மந்தம். போதாக்குறைக்குச் சாலையின் இரைச்சல் வந்து மறைப்பதும் அதே பகுதியைத்தான்.

4 ஓமில் 500 வாட்ஸ் வேண்டுமென்றால் அலையின் உச்சி 63 வோல்ட்டைத் தொட வேண்டும். 1 ஓமில்கூட 32 வோல்ட்டை நெருங்க வேண்டும். ஆகவே தூக்கி எறிந்த வைப்ரேட்டர் வேறு உருவில் திரும்பி வந்தது. அரிசோனாவின் ஜிம் ஃபோஸ்கேட் 1973-ல் காருக்கென்றே தனி ஆம்ப் செய்தார் என்று இந்தத் தொழிலின் கதையைத் தொடங்குவது வழக்கம். அவர் பெயர் ராக்ஃபோர்ட் ஃபோஸ்கேட் என்ற நிறுவனத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனி ஆம்ப்ளிஃபையரின் வயிற்றைத் திறந்தால் பாதி இடத்தை அடைத்திருப்பது ஒலியைப் பெருக்கும் சுற்று அல்ல. பேட்டரி மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, வளைய டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, 12 வோல்ட்டை முப்பது, ஐம்பது, அறுபது என்று உயர்த்தும் சுற்று அது. இரும்பு நாக்கின் இடத்தில் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், காதுக்கு எட்டாத வேகம், தத்துவம் பழையதே. 12 வோல்ட்டின் கூரையை உடைத்தது இதுதான். உண்மையான 300, 500 வாட்ஸ் காருக்குள் வந்தது. உண்மையானது வந்ததும் அதன் அருகிலேயே பொய்யும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த வாசலைத் திறந்து வைத்தது ஒரு சட்டம். சரியாகச் சொன்னால், ஒரு சட்டம் தொடாமல் விட்ட இடம். வீட்டு ஸ்டீரியோக்களின் வாட்ஸ் எண்கள் தறிகெட்டுப் போனதால், அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 1974-ல் ஒரு விதி கொண்டுவந்தது. எத்தனை ஓமில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு பிசிறோடு, தொடர்ச்சியாக எத்தனை வாட்ஸ் என்று சேர்த்துச் சொல்லாமல் வெறும் எண்ணை விளம்பரத்தில் போடக் கூடாது. சொன்ன சக்தியில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகே அளக்க வேண்டும் என்றும் கட்டளை. வீட்டு ஆம்ப் உலகம் பெருமளவுக்கு ஒழுங்குக்கு வந்தது. ஆனால் விதியின் தலைப்பிலேயே ‘வீட்டுப் பொழுதுபோக்குச் சாதனங்கள்’ என்று இருந்தது. கார் அதற்கு வெளியே நின்றது. கார் ஆம்ப் என்னும் தொழில் அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது என்பதால் யாரையும் குறை சொல்ல முடியாது. விளைவு மட்டும் தெளிவு. வாட்ஸ் என்ற ஒரே சொல்லுக்கு வீட்டில் ஒரு பொருள், காரில் வேறு பொருள். நம் ஊரில் உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்கு ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று ஒட்டி விற்ற நாட்களைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டாவது பொருளை விளக்கத் தேவையில்லை.

எண்ணை ஊதிப் பெருக்குவது வியாபாரிகளின் பேராசை, அவ்வளவுதானே, இதில் வரலாறு எங்கே வந்தது என்று கேட்கலாம். பேராசை மட்டுமே காரணம் என்றால் அச்சிட்ட எண் எப்போதும் மேல்நோக்கியே போயிருக்க வேண்டும். 1980களின் இறுதியில் அது கீழ்நோக்கியும் போனது. இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அமெரிக்காவில் கார் ஸ்டீரியோப் போட்டிகள் சூடுபிடித்த காலம் அது. குத்துச்சண்டையில் எடை பார்த்துப் பிரிப்பது போல, ஆம்ப்பில் எழுதியிருந்த வாட்ஸைக் கூட்டிப் போட்டியாளர்களைப் பிரித்தார்கள். எழுத்தில் குறைவாகவும் செயலில் அதிகமாகவும் இருக்கும் ஆம்ப்புக்கு உடனே கிராக்கி ஏற்பட்டது. ஓரியன் நிறுவனத்தின் ‘225 எச்.சி.சி.ஏ.’ 4 ஓமில் சேனலுக்கு 25 வாட்ஸ் என்றே குறிக்கப்பட்டது. அதன் உள்ளமைப்போ மிகக் குறைந்த ஓமில் பெருமின்னோட்டத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டது. ஓம் பாதியாகும்போதெல்லாம் வாட்ஸ் இரட்டிக்கும் என்ற விதி முழுமையாகப் பொருந்தினால் 2 ஓமில் 50, 1 ஓமில் 100, அரை ஓமில் 200. இரண்டு சேனலையும் கூட்டினால், ஐம்பது வாட்ஸ்காரர்களின் கோதாவில் நானூறு வாட்ஸ் வந்து இறங்கியது. ‘ஏமாற்று ஆம்ப்’ என்றே இந்த வகைக்குச் செல்லப்பெயர் வைத்தார்கள். அச்சிட்ட எண்ணில் பொய்யும் இல்லை. 4 ஓமில் அது சேனலுக்கு 25 வாட்ஸ்தான். எந்த ஓமில் என்ற கேள்வியைப் போட்டி விதி கேட்க மறந்தது, அவ்வளவே. கடையில் பெரிய எண் விற்றது, களத்தில் சிறிய எண் வென்றது. இரண்டு இடத்திலும் ஆம்ப்பின் உண்மையான திறனுக்கும் அட்டைப்பெட்டியின் எழுத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோனது.

இதற்கு எதிராக இன்னொரு வாதம் உண்டு. கார் பேஸ் வளர்ந்தது சட்டத்தின் ஓட்டையாலோ வோல்ட் கணக்காலோ அல்ல, இசையால் என்பது அது. 1980-ல் வந்த ரோலண்ட் டி.ஆர்.-808 என்ற தாள இயந்திரத்தின் நீண்ட அடித் தாளமும், அதை முதுகெலும்பாகக் கொண்ட மயாமி பேஸ் இசையும் இல்லாவிட்டால் டிக்கியில் 12 அங்குல ஸ்பீக்கரை யார் ஏற்றியிருப்பார்கள்? உண்மைதான். அந்த மோகம் எவ்வளவு தூரம் போனதென்றால், 25 அடிக்கு அப்பால் கார்ப் பாட்டு தெளிவாகக் கேட்டால் அபராதம் என்று ஃப்ளோரிடா மாநிலம் சட்டம் வைத்திருந்தது. 2012-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புக்கு முரண் என்று தள்ளியது. ஆனால் பேஸ் ஏன் வேண்டியிருந்தது என்பதைத்தான் இசை விளக்குகிறது. வேண்டியதை ஏன் வாட்ஸால் அளந்தார்கள் என்பதை அது விளக்கவில்லை. பேஸின் தரத்தை முதலில் முடிவு செய்வது ஆம்ப்பே அல்ல.

முடிவு செய்வது மரப்பெட்டி. 1961-ல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் ஒரு கட்டுரை எழுதினார். 1970களின் தொடக்கத்தில் சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். ஒரு ஸ்பீக்கரின் இயல்பைச் சில அளவுகளால் குறித்துவிட்டால், அதற்கு எத்தனை லிட்டர் பெட்டி, மூடியதா துளை வைத்ததா என்பதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம் என்பதே அவர்கள் தந்த கொடை. கே.எல்.எச். நிறுவனர்களில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் பெயரில் வழங்கும் இரும்பு விதி அதைவிடக் கறாரானது: ஆழ்ந்த பேஸ், சிறிய பெட்டி, குறைந்த வாட்ஸில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருசேரப் பெற முடியும். மூன்றும் தருவதாகச் சொல்லும் பெட்டியில் ஒன்று பொய். காருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. காரின் உள்கூடு இரண்டே முக்கால் மீட்டர் நீளம் என்றால், ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியலையின் பாதி நீளம்கூட அதற்குள் அடங்காது. அதற்குக் கீழ் காற்று முழுவதும் ஒரே மூச்சாக அழுந்தித் தளரும். கீழே இறங்கும் ஒவ்வொரு எண்மத்துக்கும், அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், ஒலி 12 டெசிபல் வரை ஏறும். மூடிய பெட்டியின் ஒலி அதே பகுதியில் எண்மத்துக்கு 12 டெசிபல் இறங்கும். ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பிவிடும். கதவிடுக்கிலும் தகட்டின் அதிர்விலும் கொஞ்சம் கசிந்தாலும், மீதியே பெரிய லாபம். வீட்டு ஹாலில் ஆயிரக்கணக்கில் செலவழித்தும் கிடைக்காத பேஸ் காரில் சும்மா கிடைக்கிறது. வாட்ஸோ, 500-லிருந்து 600-க்குப் போனால் கூட்டுவது ஒரு டெசிபல்கூட இல்லை. சத்தம் இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும்.

வாட்ஸ் எண்ணுக்குக் கடைசியில் ஒரு கடிவாளம் வந்தது. 2003-ல் அமெரிக்க நுகர்வோர் மின்னணுச் சங்கம் சி.இ.ஏ.-2006 என்ற தரத்தை வெளியிட்டது: 14.4 வோல்ட்டில், 4 ஓமில், பிசிறும் இரைச்சலும் 1 சதவீதத்தைத் தாண்டாமல் வரும் தொடர் வாட்ஸையே எழுத வேண்டும். வீட்டு ஆம்ப் 1974-ல் பெற்றதைக் கார் ஆம்ப் ஏறக்குறைய முப்பது ஆண்டு தாமதமாகப் பெற்றது. இது சட்டம் அல்ல, விரும்பினால் ஏற்கலாம். ஆகவே பயனில்லை என்பார் உண்டு. என் பார்வையில் விருப்பத்தேர்வாக இருப்பதே வாங்குகிறவருக்கு ஒரு வசதி. இந்தத் தரத்தின் முத்திரை இல்லாத பெட்டியில் ‘மேக்ஸ்’ என்ற சொல்லுக்கு அருகே நான்கு இலக்க எண் இருந்தால், அந்த நிறுவனம் தன்னைத்தானே அடையாளம் காட்டிவிடுகிறது. முத்திரை இல்லாவிட்டால் ஃபியூஸ் கணக்கு இருக்கிறது; 1990களின் இறுதியிலிருந்து டி வகுப்பு ஆம்ப்களும் பரவியதால், ஆம்ப்பின் வகுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய ஏ.பி. வகுப்பு ஏறக்குறைய 60 சதவீதத்தை ஸ்பீக்கருக்குத் தந்து மீதியைச் சூடாக்கும்; டி வகுப்பு ஏறக்குறைய 80 சதவீதம் தரும். இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள ஆம்ப் உள்ளே எடுக்கக்கூடியது 864 வாட்ஸ். ஏ.பி. என்றால் 500-ஐ ஒட்டி, டி என்றால் 700-ஐ ஒட்டி. அதில் 2000 என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடலாம்.

ஆகவே கடைக்குப் போகிறவர் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்குவது நல்லது. டிக்கியில் எத்தனை லிட்டரை விட்டுக்கொடுக்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த லிட்டருக்கு ஏற்ற சப்வூஃபரைக் கேளுங்கள். அதன் ஓமையும் தொடர் வாட்ஸையும் பார்த்த பிறகே ஆம்ப்பைத் தேடுங்கள். 500 வாட்ஸ் தரும் டி வகுப்பு ஆம்ப் உச்சத்தில் 43 ஆம்பியர் இழுக்கும். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 60 முதல் 90 ஆம்பியர்தான், அதில்தான் விளக்கும் ஏ.சி. விசிறியும் ஓட வேண்டும். பாட்டு எந்நேரமும் உச்சத்தில் இருப்பதில்லை என்பதால் சமாளிக்கும். ஆனால் கம்பி மெலிந்தால் வோல்ட் இறங்கும், வோல்ட் இறங்கினால் வாட்ஸும் இறங்கும். நல்ல செம்புக் கம்பிக்கும், பெயிண்டைச் சுரண்டி நேரே பாடியில் முடுக்கிய எர்த்துக்கும் ஆகும் பணத்தை ஆம்ப்பின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். கடைக்காரர் அட்டைப்பெட்டியைக் காட்டினால் ஆம்ப்பை வெளியே எடுக்கச் சொல்லி, ஃபியூஸில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள்.