சட்டையர் (சொல்)

சட்டையர் என்பது தனி மனிதரின் அல்லது சமூகத்தின் குறைகளை நகைப்புக்கு உள்ளாக்கிக் கண்டிக்கும் முறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். இம்முறையில் எழுதப்பட்ட ஆக்கமும் இப்பெயராலேயே அழைக்கப்படுகின்றது. வெறும் கேலிக்குச் சிரிப்பு மட்டுமே நோக்கமாக இருக்கலாம். சட்டையரில் சிரிப்பு, கண்டனத்துக்கான கருவியாகும். தமிழில் இதற்கு இணையாக அங்கதம் என்னும் சொல் வழங்குகின்றது.

சொற்பிறப்பு

"நிறைந்த" எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியில் இருந்து சத்துரா என்னும் பெயர் தோன்றியது. பலவகைப் பொருட்கள் நிறைந்த தட்டைக் குறிக்கப் பயன்பட்ட இச்சொல், பின்னர் பல செய்திகளைக் கலந்து பாடும் கவிதைக்கு ஆகி வந்தது. கி.மு. 2 ஆம் நூற்றாண்டில் உரோமப் புலவர் லூசிலியசு இக்கவிதை வகைக்குக் கண்டனத் தன்மையை அளித்தார். ஓராசு, பெர்சியசு, யுவெனல் ஆகியோர் அவர் வழியில் எழுதினர். 16 ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று.

பிழையான விளக்கம்

கிரேக்கத் தொன்மங்களில் வரும், பாதி விலங்கு உருவமுடைய சாட்டிர் என்னும் வனவாசிகளின் பெயரே இச்சொல்லின் மூலம் என நெடுங்காலம் கருதப்பட்டது. ஆங்கிலத்தில் இதன் எழுத்துக்கூட்டலும் அப்பெயரை ஒட்டியே எழுதப்பட்டது. சாட்டிர்கள் முரட்டுத்தனம் உடையோர் என்பதால், இவ்வகைக் கவிதையின் நடையும் கரடுமுரடாக இருத்தல் வேண்டும் என எலிசபெத் காலக் கவிஞர் பலர் நம்பினர். இவ்விரு சொற்களும் வெவ்வேறானவை என்பதை 1605 இல் ஐசாக் கசோபன் என்னும் அறிஞர் தமது நூலில் நிறுவினார்.

1599 ஆம் ஆண்டுத் தடை

1599 சூன் 1 அன்று கேன்டர்பரிப் பேராயர் சான் விட்கிஃப்ட்டும், இலண்டன் ஆயர் ரிச்சர்ட் பான்கிராஃப்ட்டும் இவ்வகை நூல்களை இனி அச்சிடக் கூடாது என ஆணையிட்டனர். சான் மார்சுட்டனின் நூல்கள் உட்படப் பல நூல்கள் எரிக்கப்பட்டன. ஆபாசமே தடைக்குக் காரணம் என்றும், அரசியல் கண்டனத்தின் மீதான அச்சமே காரணம் என்றும் ஆய்வாளரிடையே இரு கருத்துக்கள் உள்ளன.

பொருள் விரிவு

தொடக்கத்தில் கவிதையை மட்டும் குறித்த இச்சொல், பின்னர் உரைநடை, நாடகம், கேலிச்சித்திரம், திரைப்படம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. சோனத்தன் சுவிஃப்ட் 1729 இல் வெளியிட்ட சிறு நூல் உரைநடைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளைச் செல்வருக்கு உணவாக விற்கலாம் என அந்நூல் தீவிரமான முகத்தோடு "பரிந்துரைக்கின்றது". ஏழைகள் மீது ஆள்வோர் காட்டிய இரக்கமின்மையே அதன் உண்மையான இலக்கு.

தொல்காப்பியம் அங்கதத்தை வெளிப்படையாகப் பழிப்பது, மறைத்துப் பழிப்பது என இரண்டாகப் பகுக்கின்றது. சுவிஃப்ட்டின் நூல் இவற்றுள் இரண்டாம் வகையோடு ஒப்பிடத்தக்கது.