இந்தியாவின் டீசல் புகை விதிகள்: இரு மண்டலக் காலம்

இந்தியாவின் பாரத் ஸ்டேஜ் விதிகள் ஐரோப்பிய யூரோ விதிகளைத் தழுவியவை. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே விதி நெடுங்காலம் இருக்கவில்லை. 2010 ஏப்ரலில் சென்னை, டெல்லி, மும்பை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பி.எஸ். 4 வந்தது, பிற பகுதிகளுக்கு பி.எஸ். 3. டீசலில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் நகரங்களில் பத்து இலட்சத்தில் 50 பங்கு, வெளியே 350 பங்கு.

காருக்கு இது ஒருவாறு பொருந்தும்; மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரிக்குப் பொருந்தாது. வழியில் கிடைக்கும் டீசலைத்தான் அது நிரப்பியாக வேண்டும். கந்தகம் மிகுந்த டீசல் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியைக் கெடுத்துவிடும். எனவே தேசிய அனுமதி லாரிகள் பி.எஸ். 3 விதியிலேயே தொடர்ந்தன. நகரச் சாலைகளிலும் அவையே புகை கக்கின.

2017 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ். 4 ஆனது. அதன்பின் பி.எஸ். 3 வண்டிகளை விற்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பி.எஸ். 5 தாண்டப்பட்டு, 2020 ஏப்ரலில் 10 பங்கு கந்தக டீசலுடன் பி.எஸ். 6 நடைமுறைக்கு வந்தது.