சின்னத் தோட்டா, பெரிய யானை

உங்கள் முன்னால் இரண்டு தோட்டாக்கள். எதிரே யானை. ஒன்று, லண்டன் ரிக்பி கம்பெனி 1898-ல் கொண்டுவந்த .450. அதன் குண்டு 31 கிராம். இன்னொன்று, ஜெர்மானிய மாஸர் கம்பெனி ராணுவத்துக்காகச் செய்த 7 மி.மீ. குண்டு வெறும் 11 கிராம். எதை எடுப்பீர்கள்?

பெரியதைத்தானே? அந்தக் கால வேட்டைக்காரர்கள் பலரும் அதைத்தான் எடுத்தார்கள். மலையைச் சாய்க்க பீரங்கி வேண்டாமா?

வால்டர் பெல் மாற்றி யோசித்தார். 1880-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். தந்தத்துக்காக ஆப்பிரிக்கா போனவர். செத்த யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் நெடுக்காக அறுத்து, மூளை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தார். அவ்வளவுதான், கணக்கு புரிந்துவிட்டது. மூளையில் பட்டால் 11 கிராமே போதும். சின்னத் துப்பாக்கி தோளையும் அவ்வளவாக உதைக்காது. குறி பார்க்கத் தோது. முழு உலோக உறை போட்ட நீளமான குண்டு, எலும்பைத் துளைத்து நேராகப் போகும்.

அவர் கணக்கில் விழுந்த யானைகள் 1,011. பெரும்பாலானவை இந்தச் சின்னத் தோட்டாவுக்கு!

அவசரப்பட்டு கைதட்டாதீர்கள். அதே தோட்டா மற்றவர் கையில் குறி தவறினால்? காயம்பட்ட யானை, மிதிபட்ட மனிதன். அதனால்தான் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெரிய மிருகங்களுக்குக் குறைந்தபட்சம் .375 வேண்டும் என்று சட்டம் வந்தது.

சர்வதேச தந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது 1989-ல்தான். எந்தத் தோட்டா நல்லது என்று மனிதர்கள் பல காலம் சண்டை போட்டார்கள். யானையைக் கேட்டிருந்தால் ஒரே பதில்தான் வந்திருக்கும்.