சீட்டும் சட்டமும்: ஆட்டின் ஏழு, எட்டு

1963 மே 4 அன்று செகந்திராபாத் கிரசென்ட் கிளப்புக்குள் போலீஸ் நுழைந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் 2023 சென்னைத் தீர்ப்பு என்று சொல்லியிருந்தேன். ஆனால் இடையில் நிற்கும், அந்தக் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 1967 நவம்பர் 22 தீர்ப்பு என்னை நகரவிடவில்லை.

மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்றார் நீதிபதி ஹிதாயத்துல்லா. ரம்மி அப்படியல்ல; விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது, எதைத் தள்ளுவது என்று தெரிய வேண்டும் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அந்த மனிதரின் கூர்மை புரிகிறது.

52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழிகள். மூன்றும் ஒரே மதிப்பாக வர, முதல் சீட்டு எதுவானாலும் சரி. மிச்சம் 51-ல் அதன் கூட்டாளிகள் 3. அதுவும் வந்தால் 50-ல் 2. பெருக்கினால் 425-ல் ஒன்று. எதுவுமே சேராத வெறுங்கை மட்டும் 16,440. அதாவது நாலு கைக்கு ஏறக்குறைய மூன்று வெறுங்கை. எவ்வளவு கெட்டிக்காரராலும் இதில் ஒரு எண்ணைக்கூட அசைக்க முடியாது. மிரட்டி ஆடுவதும் திறமைதானே என்பார்கள். பணம் கூடுதலாக வைத்திருப்பவன் மிரட்டுவதைத் திறமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரம்மி வேறு. கோவில்பட்டிப் பக்கம் பருத்தி எடுப்பு ஓய்ந்த கோடையில், சாவடித் திண்ணையில் இரண்டு பேர் ஒரே கட்டில் ஆடுகிறார்கள் என்று வைப்போம், ஜோக்கர் கிடையாது. கையில் ஆட்டின் ஏழும் எட்டும். ஆறோ ஒன்பதோ வேண்டும். கையில் 13, திறந்த சீட்டு 1 போக, கண்ணில் படாதவை 38. அடுத்த சீட்டு வேண்டியதாக இருக்க 38-ல் 2, 19-ல் ஒன்று. ஆட்டம் ஓடி இன்னும் 18 சீட்டு முகம் காட்டிவிட்டன, இரண்டும் விழவில்லை என்றால் 20-ல் 2. வாய்ப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் நீங்கள் தள்ளிய ஆட்டின் பத்தை எதிராளி பொறுக்கியிருந்தால்? ஒன்பது அவர் கையில் இருக்கலாம். பழம் தின்று கொட்டை போட்டவர் அந்த இடத்தில் ஏழையும் எட்டையும் கலைத்துவிடுவார். கவனிக்காதவர் கடைசிவரை காத்திருந்து தோற்பார்.

மழைக்கு முந்தியே புழுதியில் விதை போடுகிற கரிசல் சம்சாரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை அவர் கையில் இல்லை. எந்தப் புஞ்சைக்குக் கம்பு, எதற்கு உளுந்து என்பது அவர் கையில் இருக்கிறது.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. பணம் வைத்து ஆடும் ரம்மியில் கிளப் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம். இணைய ரம்மி நிறுவனங்கள் முதல் பாதியை மட்டும் தூக்கிப் பிடித்தன என்பதே என் கருத்து. 2023 நவம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தமிழகத்தின் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது எப்படி என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.